சத்தத்துக்கு நடுவே ‘நிறுத்து’ என்றால் யாருக்குக் கேட்கும்?

“என் வீட்டுக்காரருக்கு 48 வயசு. 20 வருஷமா டிராக்டரும் கதிரடிக்கிற மிஷினும் ஓட்டுறார். இப்போ பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் திரும்புறதில்லை. ராத்திரியில காதுக்குள்ள ‘கொய்’னு சத்தம் கேக்குதுன்னு எழுந்து உட்கார்ந்துக்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்த்தோம், பலனில்லை. இதுக்கு மருந்து இருக்கா? போன அறுப்புல அவரோட மிஷின்ல உளுந்துச் செடி போட்டுக்கிட்டிருந்த ஒருத்தருக்கு ரெண்டு விரல் போயிடுச்சு. கத்தினது இவருக்குக் கேட்டிருந்தா நிறுத்தியிருப்பாருன்னு ஊர்ல பேசிக்கிறாங்க.”

திண்டிவனம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால், அவர் மருந்து கேட்டிருக்கும் காது நோயும், ஊரார் பேசிக்கொள்ளும் விபத்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. சம்பா அறுப்புக்கு மிஷின்களைத் தயார் செய்யும்போது இதைப் பேசுவது நல்லது.

வயலில் எவ்வளவு சத்தம்?

விழுப்புரம் மாவட்டத்தில் சத்தம் என்றதும் டவுனில் இருப்பவர்கள் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையைச் சொல்வார்கள். மிஷினோடு வேலை செய்கிறவர்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமே இல்லை. மல்லாட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். டி.எம்.வி. 7, டி.எம்.வி. 13 என்று நாம் விதைக்கிற ரகங்களின் பெயரில் இருக்கும் ‘டி.எம்.வி.’ என்பதே திண்டிவனம்தான்; இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. அந்த மல்லாட்டையைச் செடியிலிருந்து பிரிக்க ஒரு மிஷின், தோல் உடைக்க ஒரு மிஷின், எண்ணெய் ஆட்ட ஒரு மிஷின். நெல்லுக்கு அறுவடை இயந்திரம், பிறகு அரிசி ஆலை. முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்கள். திருவக்கரை பக்கம் கல் குவாரிக்கும் ஜல்லி கிரஷருக்கும் கூலிக்குப் போகிறவர்களில் பலர், மழைக்காலத்தில் நடவுக்கு வருகிற அதே ஆட்கள்தான்.

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஏறத்தாழ 60 டெசிபல். கேபின் இல்லாத டிராக்டரின் இருக்கையில் 90 முதல் 100 வரை இருக்கும். கதிரடிக்கும் மிஷினின் வாயருகே நிற்பவருக்கும் அதே அளவுதான். முதுகில் மாட்டும் பெட்ரோல் ஸ்ப்ரேயரும் களை வெட்டும் பிரஷ் கட்டரும் இன்னும் மோசம். இன்ஜின் காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் 100-ஐத் தொட்டுவிடும். மரம் அறுக்கும் செயின்சா அதையும் தாண்டும். பேரிங் தேய்ந்து, சைலன்சர் ஓட்டை விழுந்த பழைய மிஷின் என்றால் கணக்கே வேறு.

60-க்கும் 90-க்கும் ஒன்றரை மடங்குதானே வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படி ஏறுவதில்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதுக்குள் போகும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 85 டெசிபல் வரை போகலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்குப்படி 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! ஒரு டேங்க் மருந்து அடித்து முடிப்பதற்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். நம்மிடமோ த்ரெஷர் காலை 7 மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை ஓடும்.

அளக்கக் கருவி வேண்டியதில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடம் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செல்போனில் ஒலி அளக்கும் செயலிகளும் தோராயமாகக் காட்டும்.

காதுக்குள் நடப்பது

காதின் உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய முடிச் செல்கள். ஒலி அலை வரும்போது அவை அசைந்து, அந்தச் செய்தியை நரம்புக்குத் தருகின்றன. வரப்பில் முளைத்த புல் மேல் ஒருமுறை நடந்தால் மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் நடந்தால் அந்த இடம் ஒற்றையடிப் பாதை ஆகிவிடும். காதும் அப்படித்தான். ஒருநாள் த்ரெஷரில் நின்றுவிட்டு வந்தால் இரவு காது அடைத்தது போல இருக்கும், காலையில் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். வருஷக்கணக்கில் இது நடக்கும்போது அந்தச் செல்கள் செத்துப்போகின்றன. நடப்பதை நிறுத்தினால் வரப்பில் மறுபடி புல் முளைக்கும். மனிதக் காதில் இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. கடிதம் எழுதிய சகோதரிக்கு மருத்துவரும் இதைத்தான் சொல்வார்: போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

எண்ணெய் காய்ச்சி விடுவதை நிறுத்திவிடுங்கள். சூட்டினால் செவிப்பறை கெட்டுப்போகும் ஆபத்துதான் அதில் உண்டு. ஆனால், மருத்துவரைப் பார்க்காமல் ‘மிஷின் சத்தம்தான் காரணம்’ என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். வைக்கோல் தூசியும் அழுக்கும் சேர்ந்து குறும்பி கல்லாக இறுகியிருந்தாலும் காது மந்தமாகும். அதைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

இது புதிய நோயல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, வெனிஸ் நகரத்தில் நாளெல்லாம் செம்பு தட்டுகிற பாத்திரக்காரர்கள் முதுமையில் முழுச் செவிடாகிவிடுகிறார்கள் என்று 1713-இல் எழுதினார். கும்பகோணத்திலும் சுவாமிமலையிலும் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்ல மாட்டார்கள்.

இந்தக் காது மந்தத்தில் ஒரு சூது இருக்கிறது. முதலில் போவது எல்லாச் சத்தமும் அல்ல. கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகின்றன. பேச்சில் ‘க, ச, த, ப’ போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த மேல் பகுதிதான். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன சொன்னார் என்பது புரியாது. ஆண் குரல் பரவாயில்லை, பெண்கள், பிள்ளைகள் குரல் பிடிபடாது. “கேக்குது, ஆனா நீ வாய்க்குள்ளேயே பேசுற” என்று மனைவியிடம் எரிந்து விழுவதும், டி.வி. சத்தத்தைக் கூட்டுவதும் இதன் ஆரம்ப அடையாளங்கள். வீட்டில் பல சண்டைகள் இதில்தான் தொடங்குகின்றன.

இனி மிஷின் அருகே வாருங்கள். இன்ஜின் இரைச்சலில் ‘தள்ளு’ என்று கத்தினாலும் ‘அள்ளு’ என்று கத்தினாலும் காதில் விழுவது ஒன்றுதான். ஒன்று விலகச் சொல்கிறது, இன்னொன்று வாரிப் போடச் சொல்கிறது.

கை எப்படி உள்ளே போகிறது?

த்ரெஷர் விபத்து என்றால் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது நமக்குப் பழக்கம். போட்டவர் தூங்கி வழிந்தார், குடித்திருந்தார், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகவில்லை. இவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால், இரைச்சலின் பங்கை யாரும் எழுதிவைப்பதில்லை, விபத்துப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

பழகிய ஆளுக்கு மிஷினின் சத்தமே ஒரு மொழி. டிரம்மில் செடி சிக்கினால் இரைச்சலின் தொனி மாறும், பெல்ட் வழுக்கினால் கிறீச்சிடும், போல்ட் கழன்றால் ‘கடகட’ என்று தட்டும். காது நன்றாக இருக்கிறவர் அதைக் கேட்டுக் கையை இழுத்துக்கொள்வார். காது மந்தமானவருக்கு இந்த எச்சரிக்கைகள் வருவதே இல்லை. நல்ல காது உள்ளவருக்கும், மிஷின் போடும் பேரிரைச்சல் அந்தச் சின்ன மாற்றங்களை மூடிவிடுகிறது. அதோடு களைப்பு. நாள் முழுக்க இரைச்சலில் நிற்பவருக்குச் சாயங்காலம் தலை கனக்கும், கவனம் சிதறும். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரமாக வாரிப் போடுகிற நேரமும் அதுதான்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தொழிலாளர்களின் காது பரிசோதனைப் பதிவுகளையும் விபத்துப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த விபத்துகளில் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு, 90 டெசிபலைத் தாண்டிய இரைச்சலும் அதனால் வந்த காது மந்தமும் சேர்ந்து காரணம் என்று கணக்கிட்டார்கள். அவை தொழிற்சாலைகள், நம் களத்துமேட்டைப் போலக் குழந்தை குட்டிகள் சுற்றி விளையாடும் இடங்கள் அல்ல. டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது, தார்ப்பாய் ஓரம் தூங்கும் பிள்ளையைப் பார்த்து யாரோ கத்துவது ஓட்டுநருக்குக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை.

விசில் அடித்தால் கேட்காதா என்று கேட்கலாம். இரைச்சலால் கெட்ட காது முதலில் இழப்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை. விசிலின் கூர்மை அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. எனவே, யாரை எச்சரிக்க விசில் அடிக்கிறோமோ அவருக்கே அது சரியாகக் கேட்காமல் போகலாம்.

சட்டம் வரப்போடு நின்றுவிடுகிறது

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது கேளாமை இருந்தது. தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்ற வரம்பும் இருக்கிறது. ஆனால், அந்தச் சட்டப்படி மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் அரிசி மில்லும் மல்லாட்டை உடைக்கும் கொட்டகையும் இதற்குள் வரப்போவதில்லை.

வயலுக்கென்று இருப்பது 1983-ஆம் ஆண்டின் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். ‘அபாய இயந்திரம்’ என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே பவர் த்ரெஷரைத்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் த்ரெஷர் பாதுகாப்புக்குத் தனித் தரம் வகுத்திருக்கிறது. அதன்படி, செடி போடும் தள்ளுவாய் 90 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும், அதில் டிரம்மை ஒட்டிய 45 செ.மீ. மேலே மூடப்பட்டிருக்க வேண்டும். கை எட்டாத தூரம் அது. வாடகை மிஷின் வந்து நின்றதும் ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். சீக்கிரம் போட வேண்டும் என்று அந்த மூடியை வெட்டி எடுத்திருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

முதலில் மிஷினைக் கவனியுங்கள்

காதை அடைப்பதற்கு முன்னால் சத்தத்தைக் குறையுங்கள். செலவும் அதில் குறைவு. சைலன்சர் ஓட்டையை அடைப்பது, காய்ந்த பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது, ஆடும் தகரத்துக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வைத்து போல்ட்டை முடுக்குவது எல்லாம் ஒரு காலை வேலை. இவற்றால் சத்தம் காதுக்குத் தெரிகிற அளவு குறையும். டீசல் இன்ஜினின் புகைக்குழாய் ஆட்கள் நிற்கும் பக்கம் பார்த்தபடி இருந்தால் திருப்பி வையுங்கள். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். அதாவது, சலிப்பதும் மூட்டை பிடிப்பதும் 3 மீட்டரில் நடக்கிறது என்றால் 6 மீட்டருக்குத் தள்ளிப்போட்டாலே, அங்கே நிற்கும் பெண்களின் காதுக்கு 4 மடங்கு நிம்மதி. மின் இணைப்பு இருக்கும் களத்தில் மோட்டார் த்ரெஷர் கிடைத்தால் டீசலை விட அது மேல். சாப்பாடும் டீயும் மிஷின் ஓரத்தில் வேண்டாம். காதுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

வாயில் நின்று செடி போடுகிறவரை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ‘அவன்தான் நல்லா போடுவான்’ என்று ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்துவது அவருடைய காதுக்கும் கெடுதல், விரலுக்கும் கெடுதல்.

கையால் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மிஷினை ஓட்டுவதற்கு முன், எல்லாரும் கூடி நின்று நான்கு கை அடையாளங்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை விரித்து உயரே தூக்கினால் ‘நிறுத்து’. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் ‘இன்ஜினை அணை’. ‘போடு’, ‘மெதுவாக’ இரண்டுக்கும் உங்கள் ஊர்ப் பழக்கம் எதுவோ அது. எந்த அடையாளம் என்பது பெரிதல்ல. எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அன்று புதிதாக வந்த கூலியாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து வரும் போர்வெல் வண்டி உங்கள் ஊரில் குழி போட்டபோது வேடிக்கை பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்ப்ரசர் இரைச்சலில் வாயால் பேசி வேலை நடக்காது. கண்ணும் கையும்தான்.

இன்ஜினை அணைக்கும் இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவர் முகம் செடி போடுகிறவரைப் பார்த்திருக்க வேண்டும். கடிதத்தில் சொன்ன விபத்தில் ஊரார் பழிக்கும் அந்த மனிதருக்காக நாம் சொல்ல முடிவது இதுதான்: 20 வருஷம் இரைச்சலில் நின்ற காதை நம்பி ஒருவரின் கையை விட்டது அந்தக் களத்தின் ஏற்பாடு. அந்தப் பழியை அவர் ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அவர் கண் நன்றாகத்தானே இருக்கிறது? ஒரு சிவப்புத் துணியை ஆட்டியிருந்தால் பார்த்திருப்பார்.

காதுக்கு என்ன போடுவது?

பஞ்சு வைத்தால் போதாது; அது தடுக்கும் சத்தம் மிகக் கொஞ்சம். தலையில் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டுவதும் தூசிக்குத்தான் உதவும். அந்தத் துண்டின் முனை தொங்கினால் பெல்ட் இழுத்துக்கொள்ளும் ஆபத்து வேறு. பாட்டு கேட்டுக்கொண்டே டிராக்டர் ஓட்ட இயர்போன் மாட்டும் இளைஞர்கள் பாதுகாப்பு என்று நினைப்பது அதைவிடத் தப்பு. இன்ஜின் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமானால் அதைவிட அதிகச் சத்தம் வைக்க வேண்டும் அல்லவா?

ஸ்பாஞ்ச் போன்ற காது அடைப்பான் ஒரு ஜோடி, டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும். அதை அப்படியே காதில் செருகினால் நிற்காது. சுத்தமான கையால் மெல்லிய திரி போல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்னே இழுத்துக்கொண்டு செருகி, விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து அடிக்கும் கையோடு இதைத் தொடக் கூடாது. அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர்களுக்கு ஹெட்போன் போலத் தலையில் மாட்டும் காது மூடி வசதி. அட்டையில் 25, 30 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். வயலில் அதில் பாதி கிடைத்தாலே லாபம். 100-ஐ 88 ஆக்கினால் 15 நிமிடம் 4 மணி நேரம் ஆகிறது!

காதை அடைத்துக்கொண்டால் கூப்பிடுவது எப்படிக் கேட்கும் என்பது நியாயமான கேள்வி. நல்ல காது உள்ளவருக்கு இரைச்சலும் குரலும் ஒரே அளவில்தான் குறையும். கேட்பதில் பெரிய நஷ்டம் இல்லை. ஏற்கெனவே மந்தமானவருக்குக் கேட்பது இன்னும் குறையலாம். அதனால்தான் கை அடையாளத்தை முதலில் சொன்னோம். காதுக்கு மிஷின் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு த்ரெஷர் பக்கம் போகக் கூடாது. அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும்.

விபத்து நடந்துவிட்டால்

இன்ஜினை அணைத்து, டிரம் முழுதாக நின்ற பிறகுதான் கையை எடுக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள், காப்பித்தூள், டீசல் எதுவும் வேண்டாம். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரி ஜிப்மர் ஏறத்தாழ 40 கி.மீ.தான். விரலை ஒட்டவைக்க முடியுமா என்பதை அங்கே சொல்லட்டும். ‘நசுங்கிப் போச்சு, எதுக்கு’ என்று களத்திலேயே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், பதிவு பெற்ற சிறு, குறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் விபத்து ஊனத்துக்கு நிவாரணம் உண்டு. விண்ணப்பத்தைப் பற்றி கிராம நிர்வாக அலுவலரிடமும், வட்டத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

காதுக்கு இவ்வளவு சுலபமாகச் சான்று கிடைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ‘காது மந்தம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். மேல் ஸ்தாயி ஒலிகளை மட்டும் இழந்த விவசாயி, களத்தில் கத்துவது கேட்காத நிலைக்கு வந்த பிறகும் அந்தக் கணக்குக்குள் வராமல் போகலாம்.

பரிசோதனைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். அறுப்பு நடக்கும்போது மிஷினை நிறுத்திவிட்டு நேரே ஓடாதீர்கள். இரைச்சலில் இருந்து வந்த காது உண்மையில் இருப்பதைவிட மந்தமாகக் காட்டும். முந்தின நாள் மதியத்தோடு மிஷின் பக்கம் போவதை நிறுத்தி, இரவு நன்றாகத் தூங்கி, காலையில் போங்கள். வீட்டம்மாவும் கூடப் போவது நல்லது. எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்று மருத்துவர் கேட்டால், சரியான பதில் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.